விட்டுட்டுப் போன மாதிரியே

புதுச் சாமான் வேண்டாம் என்று சொல்வதற்காகவே ஓர் ஆள் கடைப் படியேறி வந்தால் கடைக்காரனுக்கு எரிச்சல் வருமா, வராதா? எனக்கு வந்தது. அதுவும் மதியச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கப் போகிற நேரம்.

நாகப்பட்டினத்திலிருந்து நாகூர் போகும் சாலையில் எனக்கு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அப்பா காலத்தில் டிராக்டருக்கும் லாரிக்கும்தான் வியாபாரம். கார்களுக்கு அப்போது முகப்பு விளக்கு வட்டமாகக் கண்ணாடியில் இருக்கும். கல் பட்டு உடைந்தால்தான் மாற்றுவார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளை உள்ளே விட்ட பிறகு வந்த கார்களிலெல்லாம் பிளாஸ்டிக் விளக்கு. அது லேசில் உடையாது, ஆனால் வெயிலில் மஞ்சளடிக்கும். எங்கள் ஊர் வெயிலோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொண்டால் நாலைந்து வருஷத்தில் பழைய சீப்பு மாதிரி ஆகிவிடும். அந்த மஞ்சள்தான் எனக்குச் சோறு போட்டது. ஆகவே மஞ்சளடித்த விளக்கின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதை மாற்றாமல் தேய்த்துத் தேய்த்து ஓட்டுகிறவர்கள் மேல்தான் கோபம்.

அந்த அம்மாள் தேய்க்கிற கட்சி.

வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கையில் குடையோடு, டிரைவரைப் பின்னால் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். வெளியே வெள்ளைக் கார் நின்றது. வண்டி அதிகம் ஓடாதது என்று டயரைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் விளக்கு இரண்டும் மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருந்தன.

"ஒரிஜினல் செட்டு இருக்கு லாத்தா. டூப்ளிகேட்டும் இருக்கு, அது பாதி விலைதான்" என்றேன். நாகூர் முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வேளாங்கண்ணிப் பக்கத்துக் கிறிஸ்தவன் என்றாலும் கடை வைத்த ஊரின் பேச்சு என் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"மாத்தக் கூடாது தம்பி. இதையே வெள்ளையாக்கித் தரணும்."

"தேய்ச்சா வெள்ளையாவும். ஆனா திரும்ப மஞ்சளாயிடுமே."

"எத்தன நாளு தாங்கும்?"

"ஆறு மாசம். உங்க வண்டி வெயில்ல நிக்கிற வண்டி போலருக்கு. அவ்வளவுகூடத் தாங்காது."

"ரெண்டு மாசம் தாங்குனா போதும். அவங்களுக்கு லீவே ரெண்டு மாசந்தான்."

அவங்க என்றது கணவரை. அவர் சபராளி. எங்கள் கடற்கரையில் பிழைப்புக்காகக் கடல் கடந்து போய் வருகிறவர்களுக்கு அந்தப் பெயர். வளைகுடாவில் ஏதோ ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், இரண்டு மாதம் இருப்பார், போவார். ஒரு லீவில் வந்தபோது வாங்கிப் போட்டுவிட்டுப் போன கார் அது. அவர் இல்லாத நாளில் வெள்ளிக்கிழமைதோறும் டிரைவர் வந்து ஸ்டார்ட் செய்து, தெருமுனை வரை ஓட்டி, திரும்பக் கொண்டுவந்து மேற்குப் பார்த்து நிறுத்திவிட்டுப் போவார். அதனால்தான் விளக்கு மட்டும் வண்டிக்கு முந்திக்கொண்டு கிழடு தட்டியிருந்தது.

என் கடையில் தேய்க்கிற வேலை கிடையாது. பக்கத்து ஷெட்டில் பெயிண்டர் முருகேசன் செய்வான். அங்கே அனுப்பினேன். அவன் விளக்கைச் சுற்றிப் பேப்பர் டேப் ஒட்டி, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். முதலில் முரட்டுத் தாள், அப்புறம் நைசு, அப்புறம் அதைவிட நைசு. விளக்கிலிருந்து மஞ்சளாகப் பால் வடிந்தது. கடைசியில் காம்பவுண்டுக் களிம்பு போட்டுத் துணியால் அழுத்தித் துடைத்தபோது உள்ளே பல்பு தெரிந்தது. லாத்தா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, வேலை முடிகிறவரை பார்த்தார். முடிந்ததும் எழுந்து போய் ஒரு விரலால் விளக்கைத் தொட்டுப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த நிம்மதி எனக்குப் புரியவில்லை. சாப்பாடு ஆறிப்போன கோபத்தில் கேட்டேவிட்டேன்.

"ஏன் லாத்தா, புதுசு போட்டா அவருக்குச் சந்தோஷந்தானே?"

"புதுசு போட்டா எதுக்கு மாத்துனன்னு கேப்பாங்க. வெயில்ல நின்னுச்சும்பேன். ஷெட்டு என்னாச்சும்பாங்க. புயலுக்குப் பறந்துடுச்சும்பேன். எந்தப் புயலு, ஏன் சொல்லலம்பாங்க. ஒண்ணுல கை வெச்சா எல்லாத்தையும் சொல்லணும் தம்பி. விட்டுட்டுப் போன மாதிரியே இருந்துட்டா ஒரு பேச்சும் இல்ல."

விட்டுட்டுப் போன மாதிரியே. இந்த வார்த்தையை அதற்குப் பிறகு அவர் வாயால் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அவர் என் கடைக்கு வருகிறார் என்றால் சபராளி வரப் போகிறார் என்று அர்த்தம். முருகேசன் தூரத்திலேயே குடையைப் பார்த்துவிட்டு, "பாய் ஃபிளைட்டு ஏறிட்டாரு அண்ணே" என்பான். அந்தக் கடைசி இரண்டு வாரம் லாத்தா ஓய மாட்டார். வெளிச்சுவருக்கு அதே பச்சை பெயிண்ட் வேண்டும். கடையில் அந்தப் பச்சை இப்போது வருவதில்லை என்றால், சுவரில் ஒரு சில்லைப் பெயர்த்துக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, முருகேசனிடம் நீட்டி, கலந்து கொடுக்கச் சொல்வார். கணவர் முந்திய லீவில் வாங்கிவந்த கண்ணாடிக் கிண்ண செட்டில் ஒன்று உடைந்துவிட்டது; அதே பூப்போட்ட கிண்ணத்துக்காகக் காரைக்கால் கடைத்தெரு முழுக்க அலைந்திருக்கிறார். வாசல் முருங்கை காற்றில் ஒடிந்து விழுந்தபோது அதே இடத்தில் வேறு போத்து நட்டு, அது உயர வளரவேண்டுமே என்று ஒவ்வொரு நாளும் அதன் பக்கத்தில் போய் நின்றதாக அவரே சொல்லிச் சிரித்தார். தலைக்குச் சாயம் அடித்துக்கொள்வார். அதைச் சொல்லவில்லை; துப்பட்டி விலகும்போது நெற்றியோரத் தோலில் கறுப்பு ஒட்டியிருக்கும், அதில் தெரிந்துகொண்டேன்.

"எல்லாத்தையும் சரிக்கட்டிடுறேன். பிள்ளய மட்டும் ஒண்ணும் செய்ய முடியல தம்பி. அது வளந்துடுது" என்றார் ஒருமுறை. ஒரே மகள். வாப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் முதல் இரண்டு நாள் உம்மாவின் பின்னால் நின்றுகொள்ளுமாம். மூன்றாம் நாள் பேச ஆரம்பித்து, நன்றாக ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் அவருக்குப் பயணம் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் போன் செய்வார். அங்கே என்ன சாப்பாடு, என்ன வெயில் என்று அவர் சொல்வார். இங்கே எல்லாம் நல்லாருக்கு என்று இவர் சொல்வார். நல்லாருக்கு என்பதற்குள் எதையெல்லாம் போட்டு மூடினார் என்பது எனக்கு வேறு வழியாகத் தெரியவந்தது. பிரசவமான உறவுக்காரப் பெண்ணுக்குக் கஞ்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போன என் மனைவி, அடுத்த கட்டிலில் லாத்தாவைப் பார்த்திருக்கிறாள். கர்ப்பப்பை ஆபரேஷன். துணைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் மட்டும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கட்டிலில் படுத்தபடியே பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனை வாங்கிக் கணவரைக் கூப்பிட்டு, "எல்லாம் நல்லாருக்கு, அஸர் தொழுகைக்கு நேரமாச்சு, வெச்சிடுறேன்" என்று சொல்லிவிட்டு, போனைக் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாராம். என் மனைவி அன்று வீட்டுக்கு வந்து என்னோடு காரணமில்லாமல் சண்டை போட்டாள்.

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் எங்களில் யாரும் பழைய ஆட்களாக இல்லை. என் மனைவி வழியில் மூன்று பேரை இழந்தோம். கடைக்குள் முழங்காலளவு சேறு. நான் ஒரு மாதம் கடையைத் திறக்கவே இல்லை. திறந்த வாரத்தில் லாத்தா வந்து நின்றார். அவர் தெருவரைக்கும் தண்ணீர் போயிருக்கிறது. வாசலின் இரண்டு படி தாண்டி வீட்டுக்குள் ஏறவில்லை, ஆனால் கார் பம்பர் மூழ்க நின்றிருக்கிறது. கணவர் டிவியில் பார்த்துவிட்டு, கிடைத்த விமானத்தில் கிளம்புகிறேன் என்று அழுதிருக்கிறார். இவர்தான் தடுத்தவர்.

"நம்ம தெருவுக்கு ஒரு சொட்டு வரலன்னுட்டேன் தம்பி. அடுத்த மாசம் லீவு இருக்குல்ல, அப்ப வந்தாப் போதும்னு சொல்லிட்டேன்."

கழற்றிக்கொண்டுவந்த விளக்கைப் பார்த்தேன். வெளியே மஞ்சள், உள்ளே உப்புத்தண்ணீர் காய்ந்து படிந்த வெள்ளை. "இது வெளிய தேய்ச்சு ஒண்ணும் ஆவாது லாத்தா. உள்ள போயிடுச்சு. மாத்தித்தான் ஆவணும்" என்றேன். அந்தச் சமயம் விற்பனைக்காகச் சொல்லவில்லை, சத்தியமாக. எனக்கே எல்லாம் வெறுத்துப் போயிருந்தது.

அவர் முருகேசனிடம் போனார். அவன் வெந்நீரில் வைத்து ஓரத்துப் பசையை இளக்கி, கண்ணாடி போன்ற மூடியைப் பெயர்த்தெடுத்து, உள்ளே பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்தான். காயவைக்க மகளுடைய முடி உலர்த்தும் மெஷினை எடுத்துவந்து கொடுத்தார் லாத்தா, வாப்பா அனுப்பியதுதான். காணாமல்போனவர்களை ஊர் இன்னும் தேடிக்கொண்டிருந்த நாளில், எங்கள் ஷெட்டில் ஓர் அம்மாள் கார் விளக்குக்கு வெந்நீரும் சூடான காற்றும் காட்டிக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்காமல் நான் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆனால் விளக்கு வெளுத்துவிட்டது. அதையும் சொல்ல வேண்டும்.

அந்த லீவில்தான் கணவரை முதல் தடவையாகப் பக்கத்தில் வைத்துப் பேசினேன். வைப்பர் பிளேடு வாங்க வந்தார். நல்ல மனிதர். சத்தமாகச் சிரிப்பார், வந்ததும் கைகொடுப்பார், எங்கள் வீட்டுச் சாவுக்குத் தனியாக விசாரித்துக் கண் கலங்கினார். பேச்சுவாக்கில் காரைத் தட்டிக் காட்டினார்.

"பாத்தீங்களா சேவியரு? ஊரே போச்சுன்னு டிவில காட்டுறான். எங்க வீட்டுல ஒரு சாமான் நகரல. வண்டி விளக்கப் பாருங்க, நான் வாங்கிவிட்ட அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு. அவ இருக்கா, எனக்கென்ன கவல?"

"இனிமே இங்கயே இருந்துடலாமே பாய்?" என்றேன்.

"இருக்கலாம். இங்க இப்ப நான் இருந்து செய்யறதுக்கு ஒண்ணுமில்லயே. எல்லாம் சரியா ஓடுது. ஒடம்புல தெம்பு இருக்கறப்பவே இன்னும் ஒரு விசா போட்டுட்டா நல்லதுன்னு பாக்குறேன்."

அவர் குரலில் கள்ளமே இல்லை. சரியாக ஓடுகிற வீட்டை ஓட்ட ஆள் எதற்கு என்று யாரும் நினைக்கக் கூடியதுதான். உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். ஆனால் பெண்டாட்டி மறைத்ததைப் புருஷனிடம் போட்டுடைக்க நான் யார்? வைப்பர் பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

இப்படியே வருஷங்கள் போயின. மகளை மாயவரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாண வேலை முழுக்க லாத்தா செய்து முடித்து வைத்திருக்க, பாய் வந்து பந்தலில் நின்று எல்லாரையும் வரவேற்றுவிட்டுப் போனார். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் விளக்கின் மேல் கம்பெனி போட்ட பூச்சு கரைந்துகொண்டே வந்தது. முன்பெல்லாம் சில மாதமாவது தாங்கியது, பின்னால் ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை. முருகேசன், "இதுக்கு மேல தேய்ச்சா ஓட்டை விழுந்துடும் லாத்தா" என்று பயமுறுத்திப் பார்த்தான். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் ஒரு தை மாதம் குடையோடு வந்தார். முருகேசன் வழக்கம்போல வாட்டர் பேப்பரை நனைக்கப் போனான்.

"வேணாம் முருகேசா. இந்தத் தடவ தேய்க்கல."

மாற்றப் போகிறார் போலிருக்கிறது என்று நான் எழுந்தேன். அதுவும் இல்லையாம். டயருக்குக் காற்றுப் பிடிக்க மட்டும் வந்தாராம். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தேன். துப்பட்டி சரிந்தபோது பார்த்தேன், தலை முழுக்க வெள்ளை.

அவராகவே பேசினார். மகள் போன பிறகு அந்த வீட்டில் இவர் ஒருத்திதான். கணவருக்குப் பழைய விசா முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா, கணக்கை முடித்துக்கொண்டு போகிறாயா என்று கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். ஊருக்குப் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லி வருகிறாராம்.

"கடலு வந்த வருஷம், சொந்தக்காரவுங்க எல்லாரும் கூடத்துல இருக்கறப்ப, இவ இருக்கா எனக்கென்ன கவலன்னாங்க. எல்லாரும் என்னப் பாத்துச் சிரிச்சாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. இப்ப தனியா உக்காந்து யோசிக்கிறேன். எல்லாம் நல்லாருக்கு நல்லாருக்குன்னு காட்டிக் காட்டி, நான்தான் தம்பி அவங்கள அனுப்பிக்கிட்டே இருந்திருக்கேன்."

டீயை ஆற்றிக் கொடுத்தேன்.

"இந்தத் தடவ எல்லாம் இருக்கற மாதிரியே கெடக்கட்டும். சுவரு பேந்திருக்கு. மோட்டாரு ஓட மாட்டேங்குது. தலைய நான் தொடல. பாக்கட்டும். பாத்தா இருந்துடுவாங்க."

சொல்லும்போது முகம் கல்யாணப் பெண் மாதிரி பயந்திருந்தது. எனக்கு அப்படியே நடந்துவிடும் என்று தோன்றியது. வேளாங்கண்ணி மாதாவிடம்கூட ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்.

திருச்சி விமான நிலையத்துக்கு அந்தக் காரே போனது. திரும்பி வரும்போது திருவாரூர் தாண்டி இருட்டத் தொடங்கிவிட்டது. அறுவடைக் காலம், ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டு, சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் மூடி, சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் டிரைவருக்குக் கல்லும் தெரியவில்லை, குவியலும் தெரியவில்லை. கார் நெல்லின் மேல் ஏறி நின்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை. நெல்லுக்குச் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டு பேசியதைக் கேட்டு, சபராளி இறங்கி நின்று கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாராம்.

வீட்டு வாசலில் இறங்கி, விளக்கைப் பார்த்து, சுவரைப் பார்த்து, கடைசியில் கதவைத் திறந்த லாத்தாவைப் பார்த்திருக்கிறார்.

"ஒடம்பு சரியில்லயா?"

"இல்ல. வயசாயிடுச்சு."

இதை லாத்தா பிறகு என்னிடம் சொன்னார். பாய் அந்த வெள்ளைத் தலையில் கை வைத்து வெகுநேரம் நின்றாராம். இவர் தன் காரியம் பலித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

மறுநாள் நான் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே பாய் வாசலில் நின்றார்.

"ஹெட்லைட்டு ஒரிஜினல் செட்டு குடுங்க சேவியரு. வெல கேக்கல."

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன். இப்போது பெட்டியை எடுக்கக் கை வரவில்லை. "வீட்டுல கேட்டுக்கிட்டீங்களா பாய்?" என்றேன்.

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? பாவம், எத்தன நாளா இப்படி ஓட்டுறாளோ. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே. நான் எதுக்கு அங்க கெடந்து சம்பாதிக்கிறேன்?"

முருகேசன் பம்பரை இறக்கி, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினான். அரை மணி வேலை. சுவிட்சைப் போட்டதும் ஷெட்டின் உட்சுவர் பளிச்சென்று தெரிந்தது. பாய்க்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த மனிதர் அந்த இரண்டு மாதமும் சும்மா உட்காரவில்லை. புது மோட்டார் வந்தது. சுவர் முழுக்கச் சுரண்டிப் புது வர்ணம், இந்தத் தடவை இளமஞ்சள். சமையலறைக்கு டைல்ஸ், கரண்ட் போனால் எரிய இன்வெர்ட்டர், துவைக்க மெஷின், வேலைக்கு ஓர் அம்மாள். லாத்தாவைத் தஞ்சாவூர் கூட்டிப்போய்த் தலை முதல் கால் வரை டாக்டரிடம் காட்டினார். அவ கஷ்டப்படக் கூடாது என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். கையிலிருந்ததெல்லாம் கரைந்தது. கரைந்ததைச் சம்பாதிக்க வேண்டுமே, விசாவை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன மறுவாரம் லாத்தா வந்தார். கையில் குடை இல்லை, வெயிலில் நடந்தே வந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"நல்லாருந்தா, நான் எதுக்குன்னு போறாங்க. கெட்டுக் கெடந்தா, சரி பண்ணணும்னு போறாங்க. நான் என்னதான் தம்பி பண்றது?"

அழவில்லை. களைத்துப்போன குரல். கோபமாகவாவது இரண்டு வார்த்தை பேசமாட்டாரா என்று எனக்கிருந்தது. அந்த நல்ல மனிதர் மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? முருகேசன் தலையைக் குனிந்துகொண்டு யாருடைய கதவையோ தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு மாதம் கழித்து எனக்கு வெளிநாட்டு நம்பரிலிருந்து போன். பாய்தான். பதறிப் போயிருந்தார்.

"சேவியரு, வீடு பூட்டிக் கெடக்காமே? வேலக்கார அம்மா போன் பண்ணிச்சு. வெள்ளிக்கிழம நான் கூப்பிட்டா அவ எடுக்கல. மக வீட்டுல இருக்காளாம். எப்ப வருவேன்னு மககிட்டக்கூடச் சொல்லலயாம். அப்ப வீட்ட யாரு பாத்துக்கறது? வண்டிய யாரு ஸ்டார்ட் பண்றது? மழ வந்தா மாடில தண்ணி நிக்கும்."

மாயவரத்தில் எனக்குக் கொள்முதல் வேலை இருந்தது. போய்ப் பார்த்தேன். லாத்தா மகள் வீட்டுக் கூடத்தில் பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். பாய் கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பின்னலை முடித்து ரிப்பன் கட்டினார்.

"பாத்துக்க ஆளில்லன்னு சொல்லிடுங்க தம்பி" என்றார்.

"வேற ஏதாச்சும்?"

"வேற ஒண்ணும் இல்ல."

அதை அப்படியே போனில் சொன்னேன். "சரி" என்றார், வைத்துவிட்டார்.

நோன்பு பிறப்பதற்கு முன்னால் அவர் வந்து நின்றார், பெட்டி பெட்டியாக, கடை வாசலில் ஒரு வாடகை வண்டியில். விமான நிலையத்துக்குக் கார் போகவில்லை. கணக்கை முடித்துவிட்டு வந்துவிட்டாராம். வீட்டு வாசல் வரை போயிருக்கிறார், சாவி அவரிடம் இல்லை. அந்த வீட்டுக்குச் சாவி தேவைப்படும் நிலைமை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. பெட்டிகளை என் கடைக்குள் இறக்கிவிட்டு, பஸ் ஏறி மாயவரம் போனார். மறுநாள் மதியம் திரும்பி வந்தார், தனியாக.

"லாத்தா வரலயா பாய்?"

"நீங்க போயி வீட்டத் திறந்து இருந்துக்கிட்டு இருங்க, ஒரு வாரங் கழிச்சு வர்றேன்னுட்டா." சாவியைக் காட்டினார். பக்கத்துக் கடையில் வாங்கிய விளக்குமாறு ஒன்று கக்கத்தில் இருந்தது. பெட்டிகளை ஆட்டோவில் ஏற்ற நானும் முருகேசனும் கைகொடுத்தோம். ஏறப் போனவர் இறங்கி என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சேவியரு, எங்க தெருவுல குழாய்த் தண்ணி எப்ப வரும்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது என்றேன்.